அலுவலகச் சர்வரில் உள்ள டேலியை வெளியிலிருந்து இயக்க ரிமோட் டெஸ்க்டாப் அமைக்கும் முறை

பாரிமுனையில் கடை, செங்குன்றத்தில் கிடங்கு, மயிலாப்பூரில் ஆடிட்டர் என்று ஒரே நிறுவனத்தின் கணக்கு மூன்று இடங்களில் கையாளப்படும்போது, கணக்கு மென்பொருளான டேலி பிரைம் ஒரு சர்வரில் இருக்க, மற்றவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதைத் திறந்து வேலை செய்வதே பெரும்பாலும் ஏற்ற வழி. தரவுக் கோப்புறையை வி.பி.என். என்னும் மறைகுறியாக்கப்பட்ட தனி இணைப்பு வழியே பகிர்ந்து, அவரவர் கணினியில் உள்ள டேலியால் திறப்பதும் இயலும். ஆனால் ஒவ்வொரு வவுச்சருக்கும் கோப்பின் பகுதிகள் இணையத்தில் போய் வர வேண்டியிருப்பதால் வேகம் வெகுவாகக் குறையும், பதிவின் நடுவே இணைப்பு அறுந்தால் தரவு பழுதாகும் அபாயமும் உண்டு. ரிமோட் டெஸ்க்டாப்பில் தரவு சர்வரைவிட்டு நகர்வதில்லை. திரையும் விசை அழுத்தங்களும் மட்டுமே போய் வருகின்றன. இணைப்பு அறுந்தாலும் பாதியில் நிற்கும் வவுச்சர் சர்வரில் அப்படியே இருக்கும், மறுபடி இணைந்து தொடரலாம்.

அலுவலகத்திலேயே ஒரு விண்டோஸ் சர்வர் இருக்கிறது, ஐந்து முதல் பத்துப் பேர் பயன்படுத்துகிறார்கள், பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் எதுவும் இல்லை என்ற நிலையைக் கருதியே பின்வரும் முறை சொல்லப்படுகிறது. அத்தனை பேருக்கு 16 முதல் 32 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. வட்டும் இருந்தால் போதும். செயலியின் வேகத்தைவிட வட்டின் வேகமே டேலியில் அதிகம் தெரியும்.

முதலில் லைசென்ஸ்

வேலையைத் தொடங்கும் முன் லைசென்ஸ் கணக்கைச் சரிபார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இதில் விடும் பிழை உடனே தெரியாது. டேலியில் சில்வர் லைசென்ஸ் ஒருவருக்கானது; பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த கோல்ட் வேண்டும். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து யாரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியாது; புரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம், அவர் நுழைந்ததும் கணினியின் முன் அமர்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். இந்தக் கட்டுப்பாட்டை உடைக்கும் சிறு மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவை லைசென்ஸ் நிபந்தனைகளை மீறுபவை, அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பில் நின்றுபோகவும் கூடியவை. கணக்குப் புத்தகத்தை அவற்றை நம்பி வைப்பது எனக்கு ஏற்புடையதன்று.

விண்டோஸ் சர்வரோ, நிர்வாக வேலைக்காக இரண்டு பேரை மட்டும் ஒரே நேரத்தில் அனுமதிக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் (ஆர்.டி.எஸ்.) என்னும் பகுதியை நிறுவி, சர்வரை அணுகுவதற்கான வழக்கமான சி.ஏ.எல். லைசென்ஸ்களோடு ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். லைசென்ஸ்களையும் வாங்க வேண்டும். நிறுவியபின் 120 நாள் சலுகைக் காலம் உண்டு. அந்த நான்கு மாதமும் எல்லாம் ஒழுங்காக நடப்பதால் பலர் சி.ஏ.எல். வாங்குவதையே மறந்துவிடுகிறார்கள், பிறகு ஒரு நாள் காலையில் எவரும் நுழைய முடியாமல் போகிறது, அது ஜி.எஸ்.டி. தாக்கல் நாளாகவும் அமைந்துவிடலாம். இந்த லைசென்ஸ்களை ஆள் கணக்கிலும் வாங்கலாம், கருவிக் கணக்கிலும் வாங்கலாம். டொமைன் இல்லாத இடத்தில் கருவிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். சர்வர் 2019 முதல், டொமைன் இல்லாமல் ஆள் கணக்கில் அமைத்தால், ஒவ்வொரு இணைப்பும் 60 நிமிடத்தில் துண்டிக்கப்படும்.

சர்வரைத் தயார் செய்தல்

சர்வர் மேனேஜரில் பாத்திரங்களைச் சேர்க்கும் பக்கத்துக்குப் போய், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சிங் ஆகிய இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்கவும். பக்கத்திலேயே காணப்படும் முழு ஆர்.டி.எஸ். நிறுவல் டொமைனை எதிர்பார்ப்பது. அதைத் தொட வேண்டாம். சர்வர் மறுதொடக்கம் ஆனபின், விண்டோஸின் விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில் லைசென்ஸ் சர்வராக இதே சர்வரின் பெயரைக் கொடுத்து, முறையைக் கருவிக் கணக்காக அமைக்கவும். பலர் பகிரும் சர்வரில் மென்பொருளை நிறுவ கண்ட்ரோல் பேனலில் தனி வழி இருக்கிறது. டேலியை இதற்குப் பிறகு அந்த வழியாக நிறுவினால், ஒருவருக்கு வேலை செய்து மற்றொருவருக்குத் திறக்காத சிக்கல் வராது.

அடுத்து பயனர் கணக்குகள். கடையில் இருப்பவருக்கும் கிடங்கில் இருப்பவருக்கும் ஆடிட்டர் அலுவலக உதவியாளருக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்கு, தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும். ‘அக்கவுண்ட்ஸ்’ என்று ஒரே பெயரை உருவாக்கி எல்லோருக்கும் கொடுப்பது இங்குள்ள அலுவலகங்களில் மிகப் பரவலான வழக்கம், இந்த ஏற்பாட்டைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். வழக்கமான அமைப்பில் ஒரு பெயருக்கு ஒரு அமர்வுதான் என்பதால், இரண்டாமவர் நுழையும்போது முதலாமவர் வெளியே தள்ளப்படுவார், அவர் பாதியில் விட்ட வவுச்சர் இவருடைய திரையில் வந்து நிற்கும். இந்தக் கணக்குகளை ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் மட்டும் சேர்த்தால் போதும். எவருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டாம்.

டேலிக்குள்ளும் அதேபோல ஆளுக்கொரு பயனர் பெயர் வேண்டும். கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்வதாகவும் அந்தப் பதிவை நிறுத்த முடியாததாகவும் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கான எடிட் லாக் வசதியைப் பயன்படுத்தியும், எல்லாத் திருத்தங்களும் ஒரே பெயரில் பதிவானால் ஆடிட்டர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல ஆளிருக்காது.

தரவுக் கோப்புறையை சி டிரைவில் வைக்காமல் தனி டிரைவில் வைத்து, கணக்குப் பயனர்களுக்கு அதில் மட்டும் எழுதும் அனுமதி கொடுக்கவும். இதில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: டேலி அந்தப் பயனரின் பெயரிலேயே இயங்குவதால், எழுதும் அனுமதி உள்ளவர் கோப்புறையை அழிக்கவும் முடியும். குரூப் பாலிசியில் நுழைந்தவுடன் டேலியே திறக்கும்படி அமைத்து டெஸ்க்டாப்பை மறைக்கலாம். அது கைதவறுதலைத் தடுக்கும், தீய எண்ணத்தைத் தடுக்காது. ஆகவே பேக்கப் இவர்கள் எவரின் அனுமதியும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பேக்கப் தினமும் எடுக்கப்பட வேண்டும், அது இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதியும் கம்பெனிகளுக்குச் சொல்கிறது.

வெளி இணைப்பு

ரிமோட் டெஸ்க்டாப் 3389 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலை, பயன்படுத்துகிறது. ரூட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், எனவே பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அதைச் செய்யக் கூடாது. இணையத்தில் திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடிக் கடவுச்சொற்களை ஓயாமல் முயன்று பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் நுழையும் பிரதான வாசல்களில் இதுவும் ஒன்று. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற குறைபாட்டில், பழைய விண்டோஸ் பதிப்புகளுக்குள் கடவுச்சொல்லே இல்லாமல் இந்த வழியாகப் புக முடிந்தது. போர்ட் எண்ணை மட்டும் மாற்றுவதும் பாதுகாப்பாகாது. வீட்டுக் கதவைப் பூட்டாமல் கதவிலக்கத்தை மட்டும் மாற்றி எழுதுவது போன்றது அது.

சரியான வழி, முன்னால் ஒரு வி.பி.என். வைப்பது. வயர்கார்டு என்னும் வி.பி.என். மென்பொருள் இலவசமானது, அமைப்பதும் எளிது. சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது என்பதால் வெளியில் தேடுவோருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. சர்வரில் அதை நிறுவி, சர்வருக்கு 10.8.0.1 என்ற முகவரியையும் ஒவ்வொரு வெளிக் கணினிக்கும் 10.8.0.2, 10.8.0.3 என்று தனி முகவரியையும் தனிச் சாவியையும் கொடுக்கவும். ரூட்டரில் திறக்க வேண்டியது வயர்கார்டின் 51820 யு.டி.பி. போர்ட் மட்டுமே, சர்வரின் ஃபயர்வாலிலும் அதை அனுமதிக்க வேண்டும். வெளிக் கணினியின் அமைப்பில், அனுமதிக்கப்பட்ட முகவரி என்ற இடத்தில் 10.8.0.1/32 என்று மட்டும் எழுதினால், அவருடைய மற்ற இணையப் பயன்பாடு உங்கள் அலுவலக இணைப்பில் ஏறாது. வீட்டு ரூட்டரும் அலுவலக ரூட்டரும் ஒரே 192.168.1 வரிசையைப் பயன்படுத்துவதால் வரும் குழப்பமும் எழாது.

இரண்டு இடங்களில் வேலை தடைப்படலாம். முதலாவது, இணைய நிறுவனம் உங்களுக்குத் தனிப் பொது முகவரி தராமல் பலருக்கு ஒன்றைப் பகிர்ந்து கொடுத்திருக்கக்கூடும். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அதுவே காரணம். எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. கூடுதல் கட்டணம் செலுத்தி ஸ்டாட்டிக் ஐ.பி. கேட்டு வாங்க வேண்டும், அல்லது அது தேவைப்படாத டெயில்ஸ்கேல் போன்ற சேவையைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, வயர்கார்டு இணைப்பை விண்டோஸ் பொது நெட்வொர்க்காகவே கருதும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான ஃபயர்வால் விதி தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் இருந்தால், வி.பி.என். இணைந்தும் சர்வர் திறக்காது. அந்த விதியை எல்லா வகை நெட்வொர்க்குக்கும் பொருத்தி, யாரிடமிருந்து ஏற்கலாம் என்ற பகுதியில் 10.8.0.0/24 வரிசையையும் அலுவலக உள்வரிசையையும் மட்டும் எழுதவும்.

வெளிக் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து, முகவரியாக 10.8.0.1 கொடுக்கவும். முதல்முறை, சர்வரின் அடையாளத்தை உறுதிப்படுத்த முடியவில்லை என்ற எச்சரிக்கை வரும். சர்வர் தானே உருவாக்கிய சான்றிதழ் என்பதால் அது இயல்பே. என்றாலும், காட்டப்படும் சான்றிதழின் கைரேகை எண்ணைச் சர்வரில் உள்ளதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தபின் ஏற்றுக்கொள்வது நல்லது. லோக்கல் ரிசோர்சஸ் பக்கத்தில் பிரிண்டரை மட்டும் விட்டு, டிரைவ்களின் குறியை எடுத்துவிடவும்; இல்லையேல் வீட்டுக் கணினியில் உள்ள வைரஸ் பென்டிரைவ் இல்லாமலேயே சர்வரை எட்டிவிடும்.

சாதாரண லேசர் பிரிண்டர்கள் கூடுதல் அமைப்பு எதுவுமின்றி வேலை செய்துவிடும். பாரிமுனைக் கடைகளில் கார்பன் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் அப்படியல்ல: விண்டோஸின் ஈசி பிரிண்ட் முறை பில்லைப் படமாக்கி அனுப்புவதால் ஒரு பில் இழுத்து இழுத்து அடிக்கும். பிரிண்டரின் டிரைவரைச் சர்வரிலும் நிறுவி, ஈசி பிரிண்டை முதலில் பயன்படுத்து என்ற குரூப் பாலிசி விதியை அணைத்தால் சரியாகும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் சர்வரில் செருகினால் ரிமோட் அமர்வில் அது தெரியாது. தாக்கல் வேலையைக் கையொப்பமிடுபவர் தம் கணினியிலேயே செய்துகொள்ளட்டும்.

அன்றாடம் கவனிக்க வேண்டியவை

ரிமோட் டெஸ்க்டாப் திரையின் மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் இணைப்புதான் அறும். அமர்வும் அதற்குள் டேலியும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பெனித் தரவைப் பழுதுபார்க்க எல்லோரும் வெளியேற வேண்டிய நேரத்தில் இப்படி விடப்பட்ட அமர்வுகள்தான் தடையாக நிற்கின்றன. டேலியை மூடிவிட்டு சைன் அவுட் செய்யும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். அதையும் மீறி விடப்படுபவற்றுக்கு, துண்டிக்கப்பட்ட அமர்வை இரண்டு மணி நேரத்தில் முடிக்கும்படி செஷன் டைம் லிமிட்ஸ் பகுதியில் அமைக்கவும். மதிய உணவுக்கு எழுந்தவரின் வவுச்சர் போய்விடும் என்பதால் அரை மணி என்று வைக்க வேண்டாம். விண்டோஸ் புதுப்பிப்புக்கு ஞாயிறு இரவை ஒதுக்குங்கள், அதுவும் ஜி.எஸ்.டி. தாக்கலுக்குரிய 11, 20 தேதிகளையொட்டி வராதபடி.

மின்சாரம் போனால் சர்வருக்கு மட்டும் யு.பி.எஸ். இருந்து பயனில்லை, ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் அதே யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் சர்வர் தானே இயங்கும்படி பயாஸில் அமைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை யாரும் பாரிமுனைக்கு ஓட வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் கண்ட சென்னையில் சர்வரைத் தரைத்தளத்தில் தரையோடு வைப்பது சரியன்று. பேக்கப்பின் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

யாரோ நுழைந்ததாக ஐயம் எழுந்தால் முதலில் ரூட்டரின் இணைய வயரைப் பிடுங்குங்கள், சர்வரை அணைக்காதீர்கள். நினைவகத்தில் உள்ள தடயம் அணைத்தால் போய்விடும். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும்.

ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அவருடைய விண்டோஸ் கணக்கை முடக்கி, வயர்கார்டில் அவர் சாவியை நீக்கி, டேலியில் அவர் பெயருக்கான அனுமதியை எடுத்துவிடவும். விண்டோஸ் கணக்கை உடனே அழிக்க வேண்டாம். அவருடைய டெஸ்க்டாப்பில் யாருக்கும் தெரியாமல் ஓர் எக்செல் கோப்பு இருக்கும், அது அடுத்த மாதம்தான் தேவைப்படும்.