விளம்பரம் கக்கிய கணினியை மீட்ட விதம்

ஹட்டனில் எங்கள் வீட்டுக் கணினியில் தங்கை சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள்களைத் தேடும்போதெல்லாம் சூதாட்ட விளம்பரங்கள் குதித்தன. குரோமைத் திறந்தால் முன்பின் தெரியாத தேடல் பக்கம். காசு கொடுத்து வாங்கும் டேட்டா இந்தக் குப்பைக்கே கரைந்ததில் எனக்குக் கோபம் பொங்கியது.

விண்டோஸ் செட்டிங்ஸில் மென்பொருள் பட்டியலை நிறுவிய திகதிப்படி வரிசைப்படுத்தினேன். பிடிஎஃப் மாற்றி ஒன்று வந்த அதே நாளில் கூப்பன் மென்பொருளொன்றும் உள்ளே நுழைந்திருந்தது. இரண்டையும் நீக்கினேன். குரோமில் ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரலும் போனது. மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவசக் கருவியான ஆட்வ்கிளீனர் மிச்சத்தைத் துடைத்தது.

ஆனாலும் அந்தத் தேடல் பக்கம் மட்டும் அசையவில்லை! டெஸ்க்டாப்பில் குரோம் ஐகானை வலச்சொடுக்கி ‘ப்ராபர்டீஸ்’ பார்த்தேன். ஐகான் எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் ‘டார்கெட்’ கட்டத்தில் குரோம்.எக்ஸ்இ (chrome.exe) என்று முடிய வேண்டிய வரியின் வாலில் ஓர் இணைய முகவரி தொங்கியது. பெட்டி சிறியது, கர்சரைக் கடைசிவரை நகர்த்தினால்தான் கண்ணில் படும். அந்த வாலை அழித்துச் சேமித்ததும் எங்கள் வழக்கமான பக்கம் திரும்பியது.

திரையின் மூலையில் எட்டிப்பார்த்த விளம்பர அறிவிப்புகளுக்குக் காரணம் வேறு: ஏதோ ஒரு தளத்துக்குக் கொடுத்திருந்த அனுமதி. குரோமின் தள அமைப்புகளில் அதையும் ரத்துச் செய்தேன்.