மூன்று வொர்க்புக் வேண்டாம்: வீட்டுக்கல்வியில் மொழிப்பாடம் தொடங்கும் முறை

டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் அளித்த தீர்ப்பின்படி, வீட்டுக்கல்வியில் ஐந்து பாடங்கள் இருக்க வேண்டும்: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை. முதல் மூன்றும் மொழிப்பாடமே. உடனே மூன்று வொர்க்புக் வாங்கி அடுக்கிவிடுகிறார்கள் புதிய பெற்றோர். வேதாகமம், ஒரு நோட்டு, நல்ல கதைப்புத்தகம் ஒன்று போதும் என்பது என் கட்சி. இங்கே சொல்லும் முறை, இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வகுத்தது. அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல இதைத்தான் பின்பற்றுகின்றன. பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. பார்த்தெழுதுதல்

நீதிமொழிகளிலிருந்து ஒரு வசனம், பத்து நிமிடம். அழகாக எழுதிய ஒரு வரி, கிறுக்கிய ஒரு பக்கத்தைவிட மேல். எந்த மொழிபெயர்ப்பு என்று அலைய வேண்டாம். உங்கள் சபையில் வாசிப்பதையே எடுங்கள், காதுக்குப் பழகியிருக்கும். சாதாரண பென்சில் போதும். புள்ளிகளின் மேல் எழுதும் அச்சுத்தாள்கள் எனக்குப் பிடிக்காது.

2. திருப்பிச் சொல்லுதல்

ஒரே ஒரு முறை வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். பிள்ளை தன் சொற்களில் சொல்லட்டும். கேட்க எளிது, எங்கள் வீட்டில் வண்டி நின்றது இங்கேதான். பிள்ளை விட்டத்தைப் பார்க்கும், அல்லது "மறந்துவிட்டது" என்று முடித்துவிடும்.

பெரும்பாலும் பகுதி நீளமாக இருப்பதே காரணம். லூக்கா 15-இல் உள்ள கெட்ட குமாரன் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். 11 முதல் 16 வரை ஒரு நாள்: பங்கைப் பிரித்துக்கொண்டு போய், பன்றி மேய்ப்பதுவரை. 17 முதல் 24 வரை அடுத்த நாள்: வீடு திரும்புதல். மூத்தவனின் கோபத்துக்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள். பிள்ளைகள் அதிகம் பேசுவது அவனைப் பற்றித்தான். அண்ணன் தம்பி உள்ள வீடுகளில் கேட்கவே வேண்டாம்.

இடையில் திருத்தாதீர்கள். மறுபடி வாசித்தும் காட்டாதீர்கள். இரண்டாவது வாசிப்பு உண்டு என்று தெரிந்தால் முதல் வாசிப்பில் யார் கவனிப்பார்? "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்ற ஞாயிறு பள்ளிக் கேள்வி அறவே வேண்டாம். பிள்ளை கதையை விட்டுவிட்டு, அம்மாவுக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்கிவிடும். எழுத்தில் கேட்பதைப் பத்து வயதுவரை தள்ளிப்போடுங்கள்.

3. சொல்வதெழுதுதல்

எட்டு வயதுக்கு மேல். பத்தியை முன்கூட்டியே கொடுத்து, கடினமான சொற்களைக் கண்ணில் பதியவைத்த பிறகே சொல்லுங்கள். தவறாக எழுதிய சொல்லை உடனே மறைத்துவிட வேண்டும், பிழையான வடிவம் மனதில் தங்கக்கூடாது. மேசன் அதற்குப் பசை தடவிய ஸ்டாம்ப் தாள் துண்டுகளை வைத்திருக்கச் சொன்னார். நமக்கு ஒட்டுத்தாள் இருக்கிறது. இலக்கணத்தை இந்தப் பத்தியிலேயே காட்டிவிடலாம்.

4. புத்தகம் தேர்வு

அட்டையில் சிலுவை இருப்பதால் மட்டும் எதுவும் நல்ல புத்தகமாகிவிடாது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து உரக்க வாசியுங்கள். பிள்ளை பார்த்தெழுதத் தக்க ஒரு வாக்கியம்கூட அதில் இல்லையென்றால் நூலகத்திலேயே விட்டுவிடுங்கள். தீமை வரும் கதைகளை எல்லாம் ஒதுக்குவது என்றால், காயீனையும் தாவீது உரியாவுக்குச் செய்ததையும் என்ன செய்வது? தீமை இருக்கட்டும், அதை நன்மை என்று கதை விற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய நூல் என்றாலே தூய நூல் என்று நம்புகிறவர்கள் இந்த வட்டத்தில் நிறைய. நூறாண்டுக்கு முந்தைய மறுபதிப்புகளில் கறுப்பினத்தவரையும் இந்தியர்களையும் இழிவாகப் பேசும் பக்கங்கள் தாராளமாக உண்டு. பிரசங்கம் நிறைந்த புத்தகமே ஆனாலும் நீங்கள் முதலில் வாசிக்காமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: வாய் திறக்கவே கூச்சப்படும் பிள்ளையை என்ன செய்வது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கதையை வரையச் சொல்லுங்கள், பிறகு படத்தைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். இன்னொரு வழி: ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு வீடியோ அழைப்பில் அதே கதையைத் தமிழில் சொல்லவிடுங்கள். அவர்களுக்குக் கதை உண்மையிலேயே தெரியாது என்று பிள்ளை நம்ப வேண்டும். அதைப் பாட்டியிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.