ஃப்ரிட்ஜ் கழுவும்போது பின்பக்கத் தட்டையும் பாருங்கள்

காய்கறி வாங்கப் போவதற்கு முந்தின நாளில் ஃப்ரிட்ஜைக் கழுவுங்கள், உள்ளே பாதி காலியாக இருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டு, பாலையும் மீந்த குழம்பையும் ஐஸ் போட்ட அண்டாவில் வைத்து மூடிவிடுங்கள்.

கண்ணாடித் தட்டுகளை எடுத்த கையோடு வெந்நீரில் போடாதீர்கள், சில்லென்று இருக்கும் கண்ணாடி சூடு பட்டால் விரிசல் விட்டுவிடும். கொஞ்ச நேரம் வெளியே கிடக்கட்டும். உள்ளே துடைக்க சோப்புத்தூள் வேண்டாம், அந்த வாசனை பாலில் ஏறும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்தால் போதும். பொங்கி வழிந்து காய்ந்துபோன இட்லி மாவை நாரால் தேய்க்காமல், அதன் மேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், தானாகவே ஊறி வந்துவிடும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் ஐஸ் அரை சென்டிமீட்டர் தடிமன் ஆனதுமே டீஃப்ராஸ்ட் செய்துவிடுங்கள். தயவுசெய்து கத்தியால் மட்டும் குத்தாதீர்கள். அங்கே இருப்பது மெல்லிய அலுமினியம், சின்ன ஓட்டை விழுந்தாலே கேஸ் எல்லாம் போய்விடும், அதோடு இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்ற குளிரூட்டும் கேஸ் தீப்பற்றக்கூடியது. கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்தால் சீக்கிரம் உருகிவிடும்.

கதவு ரப்பரின் மடிப்புகளில் இருக்கும் கறுப்பைப் பழைய டூத் பிரஷால் எடுங்கள். அப்புறம் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சும்மா உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே போகிறது என்று அர்த்தம்.

இனிதான் பெரும்பாலோர் விட்டுவிடும் இடம். ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்தால், பின்னால் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். உருகும் ஐஸ் தண்ணீர் அதில்தான் வந்து சேரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படி வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். தமிழ்நாட்டில் டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் இந்தத் தட்டையும் பார்ப்பது அதனால்தான். எங்கள் வீட்டுத் தட்டிலும் ஒருமுறை புழு நெளிந்தது, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, அன்றைக்கு மனசே ஆறவில்லை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், மழைக்காலத்தில் இதை வாரம் ஒரு முறை செய்யுங்கள். தட்டு திருகாணியால் பொருத்தியிருந்தால் பிடுங்காமல் மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியே பின்புறக் கம்பிச் சுருளில் படிந்த தூசியையும் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். எல்லாம் காய்ந்த பிறகு பிளக்கைப் போட்டு, உள்ளே குளிர்ந்ததும் சாமான்களை அடுக்கலாம், 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருந்தால் சரி. மறுபடி சுவரோரம் தள்ளும்போது, அந்தத் தட்டை எடுக்கக் கை போகிற அளவுக்கு இடம் விட்டுத் தள்ளுங்கள்.