கற்கருவிகள் வேறுபட்டால் பண்பாடும் வேறா? பார்க்கும் முறை

இரண்டு தொல்லிடங்களின் கற்கருவிகள் ஒன்றுபோல இல்லை என்றதுமே 'இரண்டு பண்பாடு' என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள்.

முதலில், கையில் இருப்பது கருவிதானா? விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, கல்லை மெல்லத் திருப்புங்கள். (விளிம்பில் ஒட்டியிருக்கும் பசை, மாவுத் துகள்களை ஆய வேண்டுமென்றால் கழுவக் கூடாது.) மனிதர் அடித்துப் பெயர்த்த செதிலின் ஒரு முனையில், அடி விழுந்த சிறு தளம் தெரியும். அதற்குக் கீழே, உட்பக்கத்தில், கட்டைவிரலை வைத்தால் உணரக்கூடிய ஒரு புடைப்பு. அங்கிருந்து அலைவரிகள் விரியும். மறுபக்கத்தில், முன்பு பெயர்த்த செதில்களின் தழும்புகள். ஒற்றைத் தழும்பை நம்பாதீர்கள்; ஆற்றில் உருளும் கல்லும் மோதிச் சில்லு தெறிக்கும். வரிசையாக மூன்று நான்கு இருந்தால் பேசலாம். நெருப்பில் தெறித்த கல்லில் வட்டக் குழி இருக்கும், புடைப்பு இருக்காது. குவார்ட்ஸ் கல்லில் இந்த அடையாளங்கள் எல்லாமே மங்கல். அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது கல்லின் வகை. எரிமலைக் கண்ணாடியில் நீளமான மெல்லிய செதில் எளிதில் வரும், குவார்ட்ஸில் வராது. அந்த வேறுபாடு கல்லுடையது, ஆளுடையதல்ல. ஆகவே ஒரே வகைக் கல்லில் செய்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

பிறகு தேய்மானம். சுரண்டியை மழுங்க மழுங்கத் தீட்டினால் அகலம் குறையும், வடிவமே மாறும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து, தீட்டிய விளிம்பின் கோணத்தையும் குறியுங்கள். கோணம் செங்குத்தை நெருங்கியிருந்தால் அது உழைத்து ஓய்ந்த கருவி. புதிதோடு ஒப்பிட்டுத் தனி வகை என்று பெயரிட வேண்டாம்.

இவை மூன்றும் விளக்காத வேறுபாடுதான் பண்பாட்டுக்குச் சான்றாகும். சென்னைக்கு அருகே உள்ள தொல்லிடமான அதிரம்பாக்கத்தில் கீழடுக்கிலும் மேலடுக்கிலும் குவார்ட்சைட் என்ற ஒரே வகைக் கல்தான். ஆனால் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் பெரிய கைக்கோடரிகள் குறைந்து, மூலக்கல்லை முன்கூட்டியே சீர்செய்து செதில் எடுக்கும் லெவல்லுவா முறை வருகிறது. கல் மாறவில்லை, முறை மாறியது.

அணிகலனிலும் இதே கண்டிப்பு வேண்டும். வேட்டை நத்தை துளைத்த சிப்பியில் ஓட்டை சரிவான விளிம்போடு அச்சு வார்த்ததுபோல வட்டமாக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் கிடைத்த சுமார் 75,000 ஆண்டுப் பழைய சிறு கடல் நத்தை ஓடுகளை மணிகள் என்று ஏற்க, ஓட்டை மட்டும் போதவில்லை. நூலில் கோத்து அணிந்ததால் உரசித் தேய்ந்த தடமும் அவற்றில் இருந்தது.