பிளாட் என்றால் கறுப்புக் கட்டை இல்லை

போன மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாயாமாளவகௌளை ராகத்தை ஸ்டாஃபில், அதாவது மேற்கத்திய முறையின் ஐந்து கோடுகளில், எழுதிக்கொண்டு வந்தாள். ஐந்து வருடம் வாய்ப்பாட்டு கற்றவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரளி வரிசையைப் பிசகாமல் பாடுவாள். கீபோர்டில் அந்தத் தாளை வைத்து வாசித்தேன். ராகம் சரியாகவே ஒலித்தது. ஆனால் தாளில் இருந்தது இது: சி, சி ஷார்ப், இ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி, மேல் சி.

“இது ஏம்மா சி ஷார்ப்?” என்று கேட்டேன்.

“அந்தக் கறுப்புக் கட்டைக்கு அதுதானே சார் பேரு?”

“அப்போ ரிஷபம் எங்கே?”

தாளைத் திரும்பிப் பார்த்தாள். டி உட்கார வேண்டிய இடம் காலி. தைவதத்துக்கு உரிய ஏ-வின் இடமும் காலி. ஸட்ஜம் இரண்டு தடவை வந்திருக்கிறது, பஞ்சமம் இரண்டு தடவை வந்திருக்கிறது. ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் வேறு நிலை கிடையாது என்று முதல் வகுப்பிலேயே படித்தவள் அவள். ஸட்ஜத்தை அரை ஸ்வரம் (கீபோர்டில் ஒட்டியிருக்கும் அடுத்த கட்டை அளவு) ஏற்றி எழுதியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழித்துவிட்டு எழுதினாள்: சி, டி பிளாட், இ, எஃப், ஜி, ஏ பிளாட், பி, சி. ஏழு ஸ்வரத்துக்கும் ஏழு எழுத்து வந்துவிட்டது.

பிளாட்டைப் பற்றி என்னிடம் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில் பிறக்கின்றன. பிளாட் என்பதை ஒரு கட்டையின் பெயராக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது கட்டையின் பெயரே இல்லை. ஒரு ஸ்வரத்தை அதன் இடத்திலிருந்து அரை ஸ்வரம் கீழே இறக்கு என்று சொல்லும் குறி, அவ்வளவுதான். எந்த ஸ்வரத்தை இறக்குகிறோமோ அதன் பெயர்தான் முன்னால் நிற்கும். டி-யை இறக்கினால் டி பிளாட். சி-யை ஏற்றினால் சி ஷார்ப். கீபோர்டில் இரண்டுக்கும் விரல் போகும் இடம் ஒன்று. வந்த வழி வேறு.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் “சி பிளாட் என்று ஒன்று கிடையாது” என்ற அடுத்த தவறும் தானாக விலகும். சி-க்குக் கீழே கறுப்புக் கட்டை இல்லையே என்பதுதான் அவர்கள் வாதம். சி-யை அரை ஸ்வரம் இறக்கினால் பி-யின் வெள்ளைக் கட்டை வரும், அதுதான் சி பிளாட். எஃப் பிளாட் என்றால் இ-யின் கட்டை. இவை ஏட்டுச் சுரைக்காய் இல்லை. டி பிளாட் மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) எழுதிப் பாருங்கள்: டி பிளாட், எஃப் பிளாட், ஏ பிளாட். நடுவில் இ என்று எழுதினால் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கோடுகளில் மூன்றாவது ஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது வந்து நிற்கும், கார்டின் உருவமே கலைந்துவிடும்.

இரட்டைப் பிளாட்டைக் கண்டு மிரள்கிறவர்களும் உண்டு. கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு அது புதிதே இல்லை. முதல் மேளம் (தாய் ராகம்) கனகாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த ரிஷபம் இருக்கிறது, அதை ஒட்டி சுத்த காந்தாரம். அந்தச் சுத்த காந்தாரத்தின் இடம், ரிஷபத்தின் இரண்டாம் நிலையான சதுஸ்ருதி ரிஷபத்தின் இடமேதான். ஆனால் அதை யாரும் ரிஷபம் என்று பாடுவதில்லை, ‘க’ என்றே பாடுகிறோம். சி-யை ஸட்ஜமாக வைத்து எழுதினால் சி, டி பிளாட், இ இரட்டைப் பிளாட், எஃப், ஜி, ஏ பிளாட், பி இரட்டைப் பிளாட் என்று வரும். பன்னிரண்டு இடங்களுக்குப் பதினாறு பெயர் வைத்து, 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். ஒரே இடத்துக்கு ஏன் இரண்டு பெயர் என்று அவரிடம் கேட்டால் என்ன பதில் வருமோ, அதே பதில்தான் மேற்கத்திய முறையின் இரட்டைப் பிளாட்டுக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, நன்றாகப் படித்தவர்களே விழுகிறார்கள். ‘சுத்த’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘நேச்சுரல்’ (ஏற்றாத, இறக்காத ஸ்வரம்) என்று எடுத்துக்கொள்வது. மத்யமத்துக்கு அது பொருந்தும். சுத்த மத்யமம் எஃப் நேச்சுரல்தான். ரிஷபத்துக்குப் பொருந்தாது. நம் கணக்கு கீழேயிருந்து மேலே ஏறுகிற கணக்கு. ஒரு ஸ்வரத்தின் ஆகக் கீழ்நிலைதான் சுத்தம், அதை யாரும் எங்கிருந்தும் இறக்கவில்லை. ஆகவே சுத்த ரிஷபம் டி பிளாட், சுத்த தைவதம் ஏ பிளாட். இந்துஸ்தானியில் கதை வேறு. அங்கே சுத்த ரிஷபம் என்றால் நம் சதுஸ்ருதி ரிஷபம். அதிலிருந்து இறக்கியதைக் கோமள் என்பார்கள். பிளாட் என்ற கருத்துக்கு மிக நெருங்கிய இந்தியச் சொல் கோமள்தான். இந்துஸ்தானி நோட்டேஷனைப் பார்த்துப் படிக்கும் கர்நாடக மாணவர் ‘சுத்த ரே’ என்ற இடத்தில் சுத்த ரிஷபத்தைப் பாடினால் ராகமே மாறிப்போகும்.

மெல்லிசை மேடைகளில் நான் பார்ப்பது வேறு மாதிரி. “பாட்டு ரெண்டரைக் கட்டை” என்று பாடகர் சொல்வார். இங்கே கட்டை என்றால் ஸட்ஜத்தை எங்கே வைப்பது என்ற சுருதிக் கணக்கு; ஒரு கட்டை என்றால் சி. கிட்டார் வாசிக்கும் தம்பி தாளில் டி ஷார்ப் மேஜர் (டி ஷார்ப்பில் தொடங்கும் சங்கராபரண வரிசை) என்று குறித்துக்கொள்வார். கைபேசி டியூனரில் அப்படித்தான் காட்டுகிறது என்பது அவர் காரணம். அந்தச் செயலிகள் பலவற்றில் ஷார்ப் பெயர்கள் மட்டும்தான் வரும், அதை நம்பிப் பெயர் வைக்கக் கூடாது. டி ஷார்ப் மேஜரை முறையாக எழுதினால் ஒன்பது ஷார்ப் வேண்டும், எஃப்-க்கும் சி-க்கும் இரட்டை ஷார்ப் போட வேண்டும். அதையே இ பிளாட் மேஜர் என்று எழுதினால் மூன்று பிளாட்டில் முடிந்துவிடும். ஆறரைக் கட்டைக்கு பி பிளாட் (இரண்டு பிளாட்), ஐந்தரைக்கு ஏ பிளாட் (நான்கு), ஒன்றரைக்கு டி பிளாட் (ஐந்து). இவை மேஜருக்கான பெயர்கள். நாலரைக் கட்டை மட்டும் நடுவில் நிற்கிறது: எஃப் ஷார்ப் என்றாலும் ஆறு ஷார்ப், ஜி பிளாட் என்றாலும் ஆறு பிளாட். உங்கள் விருப்பம்.

கார்டு எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். எஃப் மேஜர் பாட்டில் நான்காவது கார்டு பி பிளாட். ஏ ஷார்ப் என்று எழுதினால் பக்கத்தில் வாசிப்பவர் ஒரு நொடி தயங்குவார். வாட்ஸ்அப்பில் கார்டு அனுப்பும்போது பிளாட் குறிக்குப் பதிலாக ஆங்கிலச் சின்ன ‘பி’யைத் தட்டுகிறோம், அங்கேயும் விபத்து உண்டு. இ பிளாட் 9 என்பது ஒரு கார்டு: இ பிளாட், ஜி, பி பிளாட், டி பிளாட், எஃப். இ 7 பிளாட் 9 என்பது வேறு கார்டு: இ, ஜி ஷார்ப், பி, டி, எஃப். குறி எழுத்தை ஒட்டி வந்தால் வேர் ஸ்வரமே இறங்குகிறது; எண்ணுக்கு முன்னால் வந்தால் அந்த எண்ணுக்குரிய ஸ்வரம் மட்டும் இறங்குகிறது. அனுப்பும்போது எண்ணோடு சேர்ந்த பிளாட்டை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள். மேடையில் பலருக்கு உபகாரமாக இருக்கும்.

எண்ணோடு வரும் பிளாட்டில் இன்னொரு நுட்பம். டி மேஜரில் “ஏழாவதை பிளாட் செய்” என்றால் பலர் சி பிளாட்டைத் தேடுகிறார்கள். டி மேஜரின் ஏழாவது ஸ்வரம் சி ஷார்ப். அதை அரை ஸ்வரம் இறக்கினால் சி நேச்சுரல். இறக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், பிளாட் குறி போடு என்று சொல்லவில்லை.

தாளைப் பார்த்து வாசிக்கும்போது நேரும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேசும்போது “பி பிளாட்” என்று குறியைப் பின்னால் சொல்கிறோம். ஸ்டாஃபில் குறி ஸ்வரத்துக்கு முன்னால், அதே கோட்டில் அல்லது அதே இடைவெளியில் நிற்க வேண்டும். இடையில் வரும் பிளாட் அந்த பார் (நேர்க்கோடுகளால் பிரித்த ஒரு பகுதி) முடியும்வரை செல்லும், அதுவும் அந்த ஸ்தாயியில் மட்டும். ஒரே பாரில் அதே பி மறுபடி வந்தால் குறி இல்லாவிட்டாலும் பிளாட்தான். அடுத்த பாரில் அது பழைய பி. பார் கோட்டைத் தாண்டி டை வளைவு (ஒரே ஸ்வரத்தை நீட்டும் குறி) கட்டியிருந்தால் மட்டும் அந்த நீட்டல் முடியும்வரை பிளாட் தொடரும். தொடக்கத்தில் கீ சிக்னேச்சராக வரும் பிளாட்டுக்கு ஸ்தாயி வித்தியாசம் இல்லை, எல்லா பி-யும் இறங்கும். அந்தக் குறிகள் வரும் வரிசையும் மாறாது: பி, இ, ஏ, டி, ஜி, சி, எஃப். மேஜர் கீயின் பெயர் வேண்டுமானால் கடைசிக்கு முந்தைய பிளாட்டைப் பாருங்கள். ஒரே ஒரு பிளாட் இருந்தால் எஃப் மேஜர். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளாட் குறி ஏன் சின்ன ‘பி’ போலவே இருக்கிறது என்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி. அது உண்மையிலேயே ‘பி’தான். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் குயிடோ தாரெட்ஸோ வழிவந்த ஆறு ஸ்வர முறையில் பி என்ற ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் இரண்டு நிலை இருந்தது. இறங்கியதை வட்டமான பி-யாகவும், இறங்காததைச் சதுரமான பி-யாகவும் எழுதினார்கள். வட்ட பி-க்கு ‘மென்மையான பி’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர் பிளாட்டை இன்றும் பெமோல் என்பது அதன் மிச்சம். ஜெர்மானியர் இன்னும் ஒரு படி போய், பி என்று மொட்டையாக எழுதினாலே பி பிளாட் என்று வைத்துக்கொண்டார்கள். பி நேச்சுரலுக்கு அவர்கள் எழுத்து ஹெச். ஜெர்மன் பதிப்புத் தாள்களை இணையத்தில் இறக்கி வாசிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் தடுமாறுகிறார்கள். இசையமைப்பாளர் பாக் (Bach) தன் பெயரின் நான்கு எழுத்துகளையே பி பிளாட், ஏ, சி, பி நேச்சுரல் என்று ஸ்வரமாக்கி ஃபியூக் என்ற பலகுரல் இசை எழுத முடிந்தது இந்த வழக்கத்தால்தான்.

பிளாட் நிறைந்த கீ என்றால் சோகம் என்பதும் பரவலான நம்பிக்கை. மைனரில் மூன்றாவது ஸ்வரம் இறங்கியிருப்பதால் வந்த குழப்பம் இது. பேத்தோவனின் மூன்றாவது சிம்பொனியும் ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோவும் மூன்று பிளாட் கொண்ட இ பிளாட் மேஜரில் எழுதப்பட்டவை. இரண்டிலும் வீரம்தான் முழங்குகிறது. கீ சிக்னேச்சரில் எத்தனை குறி என்பது எந்த ஸ்வரங்கள் ஏறியோ இறங்கியோ இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்லும்.

கடைசியாக, பாடகர்களைப் பார்த்துச் சொல்லும் பிளாட். “நீ பிளாட்டா பாடுற” என்றால் சுருதி இறங்கி நிற்கிறது என்று பொருள். இது தாளில் வரும் குறியோடு சம்பந்தப்பட்டதல்ல, அளவும் வேறு. ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்றால் ஏ பிளாட் சுமார் 415 ஹெர்ட்ஸ். பாடகர் ஏ-யைப் பிடிக்கும்போது 435-இல் நின்றாலே, அதாவது அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலே, காது சுளிக்கும். இதைக் கேட்டதும் பிள்ளைகள் செய்வது குரலை உரக்க எழுப்புவது. பாவம், ‘இறங்குது’ என்றதைச் சத்தம் குறைகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சத்தம் வேறு, சுருதி வேறு. நான் பார்த்தவரை, நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தின் கடைசியில் மூச்சு தளரும்போதும், அவரோகணத்தில் அசட்டையாக இறங்கும்போதும்தான் சுருதி நழுவுகிறது. தம்புராவை வைத்துக்கொண்டு, அந்த ஒரு ஸ்வரத்தை மெல்லிய குரலில் பிடித்துப் பழகினால் சரியாகும். தோடியின் காந்தாரத்தைக் கமகத்தோடு பாடும் பிள்ளையை டியூனர் முன்னால் நிறுத்தி, ஊசி இ பிளாட்டில் நிற்கவில்லை என்று திட்டுவதையும் பார்த்திருக்கிறேன். மனம் வலித்தது. அந்த காந்தாரம் ஆடுவதுதான் அதன் அழகு. ஊசி நிற்காது, நிற்கவும் கூடாது.

மாணவியிடம் திரும்புகிறேன். மறு வாரம் தோடியை எழுதி வரச் சொல்லியிருந்தேன். சி, டி பிளாட், இ பிளாட், எஃப், ஜி, ஏ பிளாட், பி பிளாட் என்று எழுதி, நான்கு பிளாட்டையும் முன்னால் கீ சிக்னேச்சராக எடுத்து வைத்திருந்தாள். முகத்தில் ஒரு குழப்பம்.

“சார், இது ஏ பிளாட் மேஜரோட சிக்னேச்சர் மாதிரியே இருக்கே. ஏ பிளாட் மேஜர்னா ஐந்தரைக் கட்டை சங்கராபரணம்தானே?”

“தோடியோட தைவதம் எது?”

“ஏ பிளாட்.”

“அதையே ஸட்ஜமா வச்சுப் பாடு.”

தம்புரா செயலியை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டு, தாளைப் பார்த்தபடியே மெதுவாக ஏறினாள். ஏ பிளாட், பி பிளாட், சி, டி பிளாட். மத்யமத்தைத் தொட்டதும் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஸட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகத்தை எழுப்பும் கிரக பேதம் என்ற சொல்லை நான் இன்னும் சொல்லவே இல்லை.