அணிந்துரையைப் பின்னால் தள்ளினேன், புத்தகம் விற்றது

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையை வைத்து எழுதி, நானே அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் வெளியிட்ட குறுநாவல் விற்காமலே கிடந்தது. விலையைக் குறைத்தேன், அட்டையை மாற்றினேன், சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தேன். அசையவில்லை. அப்புறம்தான் ஏற்காட்டு நண்பர் சொன்னார்: "மாதிரி படிச்சேன் சார், வாழ்த்துரையோட முடிஞ்சிடுச்சு."

கிண்டில் இலவச மாதிரியாகக் காட்டுவது நூலின் தொடக்கத்தில் சுமார் 10 சதவீதம்தான். சின்ன நூலில் அணிந்துரை, வாழ்த்துரை, நன்றியுரையே அதைத் தின்றுவிடும். அச்சுப் புத்தகம் என்றால் வாசகர் நடுவில் புரட்டிப் பார்த்துக்கொள்வார். இங்கே அதற்கு வழியில்லை. அவற்றைக் கடைசிக்குத் தள்ளி, சலங்கை பற்றவைக்கும் முதல் காட்சியை முன்னால் வைத்துக் கோப்பை மறுபடி ஏற்றினேன். மாதிரியை இறக்கிப் பார்த்தால், கூலிச் சண்டை தொடங்கும் இடத்தில் நிற்கிறது. பழைய விலைக்கே இப்போது விற்கிறது, பெரிய நிம்மதி.