பேங்க் பெயரைச் சொல்லிப் பணத்தைச் சுருட்டிவிட்டார்களா? முதலில் செய்ய வேண்டியது

அவன் இன்னும் லைனில் இருந்தால் உடனே போனைக் கட் பண்ணுங்கள். "கட் பண்ணிடாதீங்க சார், அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்" என்று அவன் கெஞ்சுவது எதற்காக? நீங்கள் பேசிக்கொண்டே இருந்தால், பணம் போகிறது என்று வரும் எஸ்எம்எஸ்ஸைப் பார்க்க மாட்டீர்கள். பேங்குக்கும் கூப்பிட மாட்டீர்கள்.

கோவில்பட்டியில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பான் கார்டு, இபி பில், பட்டா நகல் என்று வருகிறவர்களுக்கு நடுவே, இப்படிப் பணத்தைப் பறிகொடுத்துவிட்டுப் புகார் போட வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் மறுநாள் சாயங்காலம்தான் வருவார்கள், வீட்டில் எல்லோரும் திட்டி முடித்த பிறகு. திட்டுவதை நாளைக்குக்கூட வைத்துக்கொள்ளலாம். உங்கள் பணம் முதலில் விழுந்த அக்கவுண்டிலிருந்து நாலைந்து அக்கவுண்டுகளுக்குப் பிரிந்து, ஏடிஎம் வழியாக நோட்டாக வெளியே வந்துவிட்டால் பிடிப்பது கஷ்டம்.

அதனால் வீட்டில் இருவர் இருந்தால் ஆளுக்கு ஒரு போனை எடுங்கள். ஒருவர் 1930க்கு அடிக்கட்டும். இது சைபர் மோசடிக்கான அரசு உதவி எண். தமிழிலேயே பேசலாம். லைன் பிஸியாக இருந்தால் விடாமல் அடியுங்கள். உங்கள் அக்கவுண்ட் நம்பர், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கேட்பார்கள். யுபிஐ என்றால் அது 12 இலக்க எண், ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். அதை வைத்துத்தான் பணம் போய்ச் சேர்ந்த பேங்குக்குத் தகவல் போய், அங்கே மிச்சம் இருப்பதை ஹோல்டு பண்ணுவார்கள்.

இன்னொருவர் உங்கள் பேங்குக்குப் பேசட்டும். நம்பரை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். கூகுளில் தேடாதீர்கள். அங்கே கஸ்டமர் கேர் என்ற பெயரில் இதே கும்பல் போட்டு வைத்திருக்கும் நம்பர்களும் வரும். கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நெட் பேங்கிங் கைக்கு வந்துவிட்டால் டெபாசிட்டை உடைப்பார்கள், அல்லது அதன் மேல் கடன் எடுப்பார்கள். சேவிங்ஸில் பத்தாயிரம்தானே போச்சு என்று உட்கார்ந்திருப்போம், மகள் கல்யாணத்துக்குப் போட்டது போய்க்கொண்டிருக்கும். புகார் எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த நேரம் எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

அப்புறம் உங்கள் போன். "உங்க ஏடிஎம் கார்டு மேல இருக்கிற பதினாறு நம்பர் சொல்லுங்க" என்று அரைகுறைத் தமிழில் கேட்ட காலத்தில், அந்தத் தமிழை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தோம். இப்போது நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் போனைக் காட்டினார். வாட்ஸப்பில் பேங்க் லோகோவை டிபியாக வைத்த ஒரு நம்பர். பென்ஷன் லைஃப் சர்டிபிகேட் என்ற பெயரில் ஒரு ஃபைல், பெயரின் கடைசியில் ஏபிகே, அதாவது தொட்டால் போனில் ஆப் ஏற்றும் ஃபைல். அதைத் தொட்டு இன்ஸ்டால் பண்ணி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் ஓடிபியைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, ஆப்பே படித்து அனுப்பிவிடும்.

இப்படி எதையாவது ஏற்றியிருந்தாலோ, திரையைப் பகிரும் ஆப் போட்டிருந்தாலோ, அந்தப் போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு வேறு போனில் வேலையைப் பாருங்கள். பாஸ்வேர்டையும் வேறு போனில்தான் மாற்ற வேண்டும். பதறிப்போய் சாட்டை அழிக்காதீர்கள். சாட், கால் லிஸ்ட், எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் பிடித்து வையுங்கள். போனை ரீசெட் செய்வது அதற்குப் பிறகு. ஸ்டாரில் தொடங்கும் ஏதாவது நம்பரை அவன் அடிக்கச் சொல்லியிருந்தால், உங்களுக்கு வரும் கால்கள் அவனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ##002# அடித்தால் எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும்.

அடுத்து, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் எழுத்துப் புகார். 1930இல் சொல்லிவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே போக மொபைலுக்கு ஓடிபி வரும், அதற்கு மாட்டிக்கொண்ட போனைக் கொடுக்காமல் வேறு நம்பரைக் கொடுங்கள். ஒரு அடையாள அட்டை, பேங்க் ஸ்டேட்மெண்ட், எடுத்த படங்கள் வேண்டும். நடந்ததை எழுதும் பெட்டியில் இரண்டு வரி போட்டால் ஏற்காது. நான் எல்லோரையும் முதலில் தாளில் நேர வரிசைப்படி எழுதச் சொல்வேன்: எத்தனை மணிக்குப் போன் வந்தது, எந்த நம்பர், என்ன சொன்னான், எப்போது எவ்வளவு போனது.

இங்கேதான் என் சென்டரில் அடிக்கடி வாக்குவாதம் வரும். "ஓடிபி யாருக்கும் சொல்லலேன்னு போடும்மா" என்பார்கள். சொல்லியிருந்தால் சொன்னேன் என்றே போடுங்கள். எந்த ஓடிபி எப்போது போய் எங்கே பயன்பட்டது என்பது பேங்கின் பதிவில் இருக்கும். ஒரு பொய் மாட்டினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். ஆப்தான் படித்து அனுப்பியது, நான் வாயால் சொல்லவில்லை என்றால் அதையும் தெளிவாக எழுதுங்கள். அது வேறு விஷயம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் இதற்கென்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி, உங்கள் மேலும் பேங்க் மேலும் தவறில்லாமல் பணம் போயிருந்து, 3 வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. எஸ்எம்எஸ் வந்த நாள் இந்தக் கணக்கில் சேராது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்வரை உங்கள் தலையில் விழும். நீங்களே ஓடிபி சொன்னதால் போயிருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகும் பணம் போனால் அது பேங்கின் நஷ்டம். நேரத்தை எழுதி வையுங்கள் என்றது இதற்காகத்தான். போனில் சொன்னதோடு நிற்காமல், கிளைக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். "மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க" என்பார்கள். சீல் போட மேனேஜர் தேவையில்லை, கவுண்டரில் இருப்பவரே போடலாம்.

பேங்கிடமிருந்து 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது பேங்க் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரிக்குப் போகலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் போடலாம், விவரம் கேட்க 14448.

பணம் ஹோல்டு ஆகியிருந்தால் பாதி நிம்மதி, ஆனால் உடனே கைக்கு வந்துவிடாது. விடுவிக்கக் கோர்ட் உத்தரவு வாங்க வேண்டியிருக்கலாம். புகார் எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போய், எந்த பேங்கில் எவ்வளவு நிற்கிறது, மனு எங்கே போட வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு இடையில் ஒரு போன் வரலாம்: "சைபர் கிரைம்ல இருந்து பேசறோம், உங்க பணம் கிடைச்சிருச்சு, பிராசஸிங் ஃபீஸ் மட்டும் ஜிபே பண்ணுங்க." ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், அந்த நம்பரையும் குறித்து அதே காவல் நிலையத்தில் கொடுங்கள்.